காபியும் பெருங்குடல் புற்றுநோயும்

பெருங்குடலிலும் அதன் கடைப்பகுதியான மலக்குடலிலும் வரும் புற்றுநோய், உலகில் அதிகமாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களில் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. உயிரைப் பறிப்பதில் அதற்கு இரண்டாவது இடம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். குடலின் உட்சுவரில் பாலிப் என்னும் சிறு வளர்ச்சி முளைத்து, அது புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுகள் வரை ஆகும். அந்தப் பத்தாண்டும் நாள் தவறாமல் அருந்தப்படுகிற ஒரு பானத்துக்கு இந்த மாற்றத்தில் பங்கு உண்டா என்று மருத்துவ உலகம் நெடுநாளாகவே கேட்டு வருகிறது.

காபியைப் பற்றிய அச்சம் பழையது. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இருக்கிறது. அது 1991-இல் காபியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. காரணம் குடல் அல்ல, சிறுநீர்ப்பை. பெருங்குடலைப் பொறுத்தவரை, காபி குடிப்பவர்களிடம் புற்றுநோய் குறைவாகக் காணப்படுவதற்குச் சில சான்றுகள் உண்டு என்றுதான் அதே அறிக்கை சொன்னது. அந்த வரி பரவவில்லை. அச்சம் மட்டும் பரவியது. 2016-இல் 23 அறிவியலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்த பிறகு, காபி அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதிகம் காபி குடிப்பவர்களில் புகைப்பவர்களும் அதிகம் என்பதால், புகையின் குற்றம் காபியின் மேல் விழுந்திருந்தது.

காபி குடலுக்கு நன்மை செய்யக்கூடும் என்று கருதுவதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. வறுத்த கொட்டையில் குளோரோஜெனிக் அமிலம் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் இருக்கின்றன. கொட்டையின் எண்ணெயில் உள்ள காஃபெஸ்டால், பித்த அமிலங்கள் உருவாவதைக் குறைக்கிறது; பித்த அமிலம் மிகுதியாகக் குடலில் தங்குவது புற்றுக்குத் துணைபோகும் என்று கருதப்படுகிறது. காபி குடித்த சில நிமிடங்களிலேயே பலருக்குப் பெருங்குடல் அசையத் தொடங்குவதும் சோதனைகளில் பதிவாகியிருக்கிறது. கழிவு குடலில் தங்கும் நேரம் குறைந்தால், தீங்கான பொருள்கள் குடற்சுவரைத் தொட்டிருக்கும் நேரமும் குறையலாம்.

ஆனால் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. இஸ்ரேலின் வடபகுதியில் நடந்த பெரிய ஆய்வொன்று, நோய் கண்ட 5,100-க்கும் மேற்பட்டவர்களையும் நோயற்ற சுமார் 4,100 பேரையும் ஒப்பிட்டது. 2016-இல் வெளியான அதன் முடிவின்படி, காபி குடிப்பவர்களிடம் நோய்க்கான வாய்ப்பு 26 சதவீதம் குறைவாக இருந்தது. காஃபின் நீக்கிய காபியிலும் அதே போக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 4.9 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், நாளுக்கு நான்கைந்து கோப்பை குடிப்பவர்களுக்குப் பெருங்குடல் புற்று சுமார் 15 சதவீதம் குறைந்திருந்தது. இதற்கு மாறாக, 13 ஆய்வுகளிலிருந்து 7.3 லட்சம் பேரின் தகவல்களை ஒன்றுசேர்த்து 2010-இல் வெளியான பகுப்பாய்வு, நாளுக்கு ஆறு கோப்பைக்கு மேல் குடிப்பவர்களிடம்கூட நன்மையோ தீமையோ காணவில்லை.

இந்த முரண்பாட்டின் ஒரு வேர், ஆய்வு நடக்கும் முறையில் இருக்கிறது. நோய் வந்த பிறகு ஒருவரிடம் பழைய பழக்கத்தைக் கேட்டால், பதிலில் நோயின் நிழல் விழுந்துவிடும். குடல் நோய் வெளிப்படுவதற்கு முன்பே வயிற்றுக் கோளாறும் உணவு ஒத்துக்கொள்ளாமையும் தொடங்கிவிடலாம். அப்போது பலர் முதலில் கைவிடுவது காபியைத்தான். அவர்களுக்கு நோய் வந்தது காபி குடிக்காததால் அல்ல; நோய் தொடங்கியதால் அவர்கள் காபியை விட்டிருக்கிறார்கள். கணக்கில் மட்டும் காபி காப்பாற்றியதுபோலத் தெரியும். நலமாக இருக்கும்போதே பழக்கத்தைக் குறித்துக்கொண்டு காத்திருக்கும் ஆய்வுகளுக்கு அதனால்தான் கூடுதல் மதிப்பு. அவற்றில் காபியின் நன்மை சிறுத்துவிடுகிறது அல்லது மறைந்துவிடுகிறது.

நோய் வந்து சிகிச்சை பெற்றவர்களின் கதை சற்று வேறு. 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூன்றாம் கட்டப் பெருங்குடல் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற 953 பேரைக் கவனித்ததில், நாளுக்கு நான்கு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு நோய் திரும்புவதோ இறப்போ 42 சதவீதம் குறைவாக இருந்தது. 2024-இல் நெதர்லாந்து நோயாளிகளிடமும் இதை ஒத்த போக்குத் தென்பட்டது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் உடல் தேறியவரே விரும்பியபடி காபி குடிக்க முடியும் என்பதால், இதை மருந்தாக எழுதித்தரும் நிலை வரவில்லை.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேலைநாட்டுக் காபியைப் பற்றியவை. சிக்கரி கலந்த டிகாஷனில் பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த பில்டர் காபிக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. நாளுக்கு நான்கு டம்ளர் என்றால் எட்டுக் கரண்டிச் சர்க்கரை. அதனால் ஏறும் உடல் பருமனோ இப்புற்றுக்கு உறுதியான காரணங்களில் ஒன்று. ஆவி பறக்கக் குடிப்பதும் நல்லதல்ல. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுக்கு வழிவகுக்கக் கூடும் என்று 2016-இல் அதே புற்றுநோய் ஆய்வு முகமையே எச்சரித்தது.

ஆகவே பெருங்குடல் புற்றுக்கு அஞ்சிக் காபியை விடவும் வேண்டாம், அதைத் தடுப்பதற்காகக் காபி குடிக்கத் தொடங்கவும் வேண்டாம். புகை, மது, பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றைத் தவிர்ப்பதும், முழுத்தானியமும் நார்ச்சத்தும் உண்பதும், உடலுழைப்பும் ஆபத்தைக் குறைக்கும் என்பதற்குத்தான் வலுவான சான்று உண்டு. குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனாஸ்கோப்பி பரிசோதனையில் பாலிப்பைக் கண்டு, புற்றாகும் முன்பே அகற்றிவிடலாம். மலத்தில் ரத்தம் தெரிந்தால் மூலம் என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு நாள் கடத்தாமல், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.