நகம் கூறும் செய்தி



உத்தியோகத்தின் பொருட்டு வடநாட்டில் குடியேறிய நாம் பிறமொழிகளைப் பழகிக்கொள்கிறோம். வீட்டு முதியோரோ, தம் உடல்நலக் குறையை வைத்தியரிடம் எந்த மொழியில் சொல்வது என்று தயங்கி, சொல்லாமலே இருந்துவிடுகின்றனர்.

என் தாயாரும் அவ்வாறே இருந்தார். ஒரு நாள் டில்லியில் எங்கள் வீட்டில் அவர் கீரை ஆய்ந்துகொண்டிருக்கையில், விரல்களைத் தற்செயலாகக் கவனித்தேன். நகங்கள் வெளிறி, நடுவே குழிந்து, சிறு கரண்டி போலிருந்தன. "டில்லிக் குளிரப்பா" என்றார். பரிசோதனையில் தெரிந்தது வேறு. மூட்டுவலிக்குத் தாமே வாங்கி விழுங்கிய மாத்திரைகளால் இரைப்பையில் புண் உண்டாகி, இரத்தம் கசிந்து, இரும்புச் சத்துக் குறைந்து சோகை கண்டிருந்தது. உரிய சிகிச்சையால் நலமடைந்தார்.

கைநகம் மாதத்திற்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. மருதாணிச் சிவப்பு அடியிலிருந்து மெல்ல நுனிக்கு நகர்வதைப் பெண்கள் அறிவர். ஆகவே நகம் சுமார் ஆறு மாதக் குறிப்பேடு. கடுங்காய்ச்சலின்போது வளர்ச்சி தடைப்பட்டால் நகத்தின் குறுக்கே பள்ளம் விழும். பிரெஞ்சு மருத்துவர் போ 1846-இல் இதனை விவரித்தார். பள்ளம் அடியிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளியிருப்பின், நோய் வந்து இரண்டு மாதம் ஆயிற்று எனக் கொள்ளலாம்.

இரு கைகளின் ஒத்த விரல்களை மடக்கி, நகத்தோடு நகம் பொருந்த வையுங்கள். நடுவே வைர வடிவில் சிறு இடைவெளி தோன்றும். அது மறைந்து, விரல் நுனியும் உருண்டு பருத்தால், நுரையீரலையோ இருதயத்தையோ சோதிப்பது நன்று. தென்னாப்பிரிக்க இருதய மருத்துவர் ஷாம்ரோத், தாம் நோயுற்றபோது தம் விரல்களிலேயே இதனைக் கண்டு 1976-இல் எழுதினார்.

நகம் நீலம் பாய்ந்து மூச்சும் திணறினால் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்க. புதிதாகத் தோன்றி அகலும் கருங்கோட்டையும் மருத்துவரிடம் காட்டுக. ஆனால் வெண்புள்ளிகளைக் கண்டு அஞ்ச வேண்டா. அவை பெரும்பாலும் சிறு அடிகளின் சுவடுகளே. நெடுக்கு வரிகள் முதுமையில் இயல்பு.

ஒரு சொல்லைக் கொண்டே வாக்கியத்தின் பொருளை முடிவு செய்யலாகாது என்பது என் மொழிபெயர்ப்புத் தொழிலின் பாடம். நகமும் ஒரு சொல்லே. முழுப் பொருளை உரைப்பவர் மருத்துவர். ஆயினும் அச்சொல்லுக்கு மொழி வேண்டுவதில்லை. இன்று மாலை உங்கள் பெரியோரின் கைகளைச் சற்றே பிடித்துப் பாருங்கள்.