காபி யார் போட்டா?

(நவராத்திரி சமயம் லம்பா லைனில் அங்கத்தினர் ஒருவரின் இல்லத்தில் கூடியபோது பேசியதன் எழுத்து வடிவம்)

சுண்டல் தயாராகும் வரையில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "அன்றாட அலுவல்களுக்கு நடுவே கலையை வளர்ப்பது" என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நான் கலைஞன் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் கணக்குப் பார்த்தவன். நடுவே சில சிறுகதைகள் எழுதினேன், அவற்றில் ஐந்தாறு அச்சாயின. என் அகத்தில் வீணை வாசிக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றிச் சொன்னால்தான் தலைப்புக்கு நியாயம் செய்ததாகும். அனுமதி வாங்கிவிட்டேன். அதோ, கொலுவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

பத்திரிகையில் இதைப் படிக்கப்போகும் வெளியூர் அங்கத்தினர்களுக்கு ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. லம்பா லைன், போர்ட் பிளேர் விமான நிலையத்தை ஒட்டிய பேட்டை. ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், வாய்க்குத்தான் இன்னும் பழக்கமாகவில்லை. சென்னையிலிருந்து கப்பலில் வந்தால் ஏறக்குறைய மூன்று நாள். கடிகாரம் உங்களுடையதேதான், ஆனால் சூரியன் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிடுவான். ஆனியில் காலை 5 மணிக்கு நல்ல வெளிச்சம், மார்கழியில் சாயங்காலம் 5 மணிக்கே விளக்கேற்ற வேண்டும். மழை இரண்டு பருவத்திலும் உண்டு. இருந்தாலும் கோடையில் தனிக்காரி அணையில் தண்ணீர் இறங்கிவிட்டால் குழாயில் முறை வைத்துத்தான் விடுவார்கள். முறை வரும் நாளில் வீட்டில் ஒருவர் குழாயடியிலேயே இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் என் கதையே இருக்கிறது.

1998-ல் மாற்றலாகி வந்தோம். நான், அகத்துக்காரி, எங்கள் அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு வீணை. மரப்பெட்டி செய்து, வைக்கோல் அடைத்து, கப்பலில் கொண்டு வந்தோம். கல்யாணத்துக்கு முன் பத்து வருஷம் முறையாகக் கற்றுக்கொண்டவள். வந்த ஆறாம் மாதம் வீணை உறைக்குள் போயிற்று. அப்புறம் கட்டிலுக்கு அடியில் போயிற்று. பதினோரு வருஷம் அங்கேயே இருந்தது.

சீதோஷ்ணம்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யும் இல்லை. வீணையில் 24 மெட்டுகள். அவை மரத்தில் அடித்தவை அல்ல, கறுப்பு மெழுகின் மேல் பதித்தவை. சூட்டில் மெழுகு இளகினால் மெட்டு நகரும். ஒரு நூல் நகர்ந்தாலும் ஸ்வரம் விலகிவிடும். இங்கே உப்புக் காற்றில் எஃகுத் தந்தி துருப்பிடிக்கிறது. மெழுகை எடுத்துவிட்டு மெட்டுகளை மறுபடி காதால் கேட்டுக் கேட்டுப் பதிப்பதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். அதற்கு வேலை தெரிந்த ஆசாரி வேண்டும். எங்களுக்கு இங்கே அகப்படவில்லை.

அந்தப் பதினோரு வருஷத்தில்தான் நான் கதைகள் எழுதினேன். ஆபீஸ் விட்டு வந்து, காபி குடித்துவிட்டு, இருட்டியதும் மேஜையில் உட்கார்ந்தால் எட்டரை வரைக்கும் யாரும் பேசக்கூடாது. குழந்தைகளுக்குப் பாடம், அம்மாவுக்கு மருந்து, ராத்திரிப் பலகாரம் எல்லாம் சமையலறைப் பக்கம் நடந்துகொண்டிருக்கும். "நேரம் என்று தனியாக ஒன்று கிடையாது, நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்" என்று அவளுக்கு உபதேசம் வேறு. கையில் எப்போதும் உதாரணங்கள் தயாராக இருக்கும்.

உதாரணங்கள் நல்ல உதாரணங்கள்தான், உங்களுக்கும் சொல்கிறேன். கோடீஸ்வர ஐயர் சென்னை ஹைகோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பகலெல்லாம் வழக்குக் காகிதம். அந்த உத்தியோகத்தோடுகூட 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கீர்த்தனை செய்து, 'கந்த கானாமுதம்' என்று கொடுத்துவிட்டு 1938-ல் மறைந்தார். கச்சேரியில் யாரும் எடுக்காத மேளத்தையும் அவர் விடவில்லை. லா.ச.ராமாமிர்தம் முப்பது வருஷம் பாங்க் உத்தியோகம். கவுண்டரில் ரூபாய் அணா பைசா, வீட்டில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப இழைத்துக்கொண்டிருப்பார். 1989-ல் சாகித்ய அகாதமி கொடுத்தார்கள். சுஜாதா எங்கள் பேட்டைக்குக் கொஞ்சம் உறவு என்றே சொல்லலாம், முதலில் சிவில் ஏவியேஷன் இலாகாவில் இருந்தவர். பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். வாக்குப் பதிவு இயந்திரம் உருவானதில் பங்கு உண்டு. அதற்கு நடுவே வாராவாரம் தொடர்கதை.

செல்லுலார் சிறையில் காகிதமில்லாமல் சுவரில் கவிதை எழுதினார்கள் என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதை நான் உதாரணமாக எடுப்பதில்லை. அந்தக் கஷ்டத்தை நம் கஷ்டத்தோடு வைத்துப் பேசுவது மரியாதை இல்லை.

ஒருநாள் தண்ணீர் முறை. அவள் குடத்தை இறக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது கோடீஸ்வர ஐயர் கதையை மறுபடி ஆரம்பித்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஏன்னா, அவாளுக்கெல்லாம் காபி யார் போட்டா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது மாதிரிதான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் அது போடவில்லை.

அன்றைக்கு ராத்திரி நான் ஒன்றும் எழுதவில்லை. வை.மு.கோதைநாயகி அம்மாள் ஞாபகம் வந்தது. 1901-ல் பிறந்தவர். ஆறு வயதுகூட நிரம்புவதற்குள் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதத் தெரியாத காலத்திலேயே மனசில் கதை இருந்தது. இவர் சொல்லச் சொல்லப் பட்டம்மாள் என்ற தோழி எழுதினார், 'இந்திரமோகனா' நாடகம் அப்படித்தான் வந்தது. பிறகு எழுதப் படிக்கப் பழகி, 115 நாவல்கள் எழுதி, 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்தி, சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போய் வந்தார். அவருடைய திறமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்தத் தோழி பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்காவிட்டால்? "உனக்கு எதற்கு இதெல்லாம்" என்று கணவர் பார்த்தசாரதி சொல்லியிருந்தால்? அவர் சொல்லவில்லை, கூடவே நின்றார். திருவல்லிக்கேணி வீட்டில் அந்த நாளில் அது சின்ன விஷயம் இல்லை.

நான் "உனக்கு எதற்கு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இல்லாமல் நடந்துகொண்டேன்.

2009-ல் லீவில் போனபோது வீணையைத் தஞ்சாவூருக்கு எடுத்துக்கொண்டு போனோம். பெரியவர் ஒருவர் மேளம் கட்டிக் கொடுத்தார். உறையைப் பிரித்துப் பார்த்ததும் அவர் ஒன்றும் கேட்கவில்லை, அவளைப் பார்த்துவிட்டு என்னை ஒருதரம் பார்த்தார். அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் ஏற்பாடு செய்துகொண்டோம். காலை 5 முதல் 5:45 வரை அவளுடையது. பால், குக்கர், அம்மாவுக்குக் கஞ்சி, தண்ணீர் முறை, எல்லாம் என்னுடையது. முதல் வாரமே பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, குக்கரில் தண்ணீர் விட மறந்தேன். அவள் எழுந்து வந்தாள். "நீ போய் வாசி" என்று எங்கள் அம்மாதான் அதட்டி அனுப்பினார். அம்மா அப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவே இல்லை.

அவளுக்கும் சுலபமாக இல்லை. விரல் நுனியில் கொப்புளம். இந்த ஈரக் காற்றில் சுருதி சேர்க்கவே பத்து நிமிஷம் போய்விடும். முதல் மூன்று மாதம் ஸரளி வரிசை, ஜண்டை வரிசைதான். ஒரு காலத்தில் வர்ணம் மூன்று காலத்தில் வாசித்தவள். பக்கத்து வீட்டில் யாரோ குழந்தை கற்றுக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த வெட்கத்தைத் தாண்டுவதுதான் ரொம்பக் கஷ்டம் என்று பின்னால் சொன்னாள். நேரமாவது கிடைத்துவிடும், நாற்பது வயதில் மறுபடி பத்து வயதாக இருக்கச் சம்மதிப்பது பெரிய பாடு. இன்னொன்று, வீணையை உறையில் போடுவதை நிறுத்தினோம். கூடத்திலேயே பாயில் இருக்கிறது, மேலே ஒரு துணி. எல்லோருக்கும் கால் தடுக்குகிறது. கண்ணில் பட்டால்தான் கை போகும்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது. அதற்கு முன் இங்கே இன்டர்நெட்டில் பாட்டு கற்றுக்கொள்வது நடக்காத காரியம், படம் ஒரு பக்கம் நிற்கும், ஸ்வரம் ஒரு பக்கம் அறுந்துபோகும். இப்போது மாம்பலத்தில் இருக்கும் ஒரு மாமியிடம் வாரம் ஒரு நாள் பாடம். கூடவே வாசிக்க முடியாது, ஒரு நொடி பின்தங்கும். மாமி வாசித்து நிறுத்துவார், பிறகு இவள். நடுவில் தலைக்கு மேல் விமானம் போனால் இருவரும் காத்திருப்பார்கள்.

என் எழுத்து குறைந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு கதை வந்தால் உண்டு. காலையில் குக்கர் சத்தத்துக்கு நடுவே யோசித்ததைச் சாயங்காலம் எழுதுகிறேன். முன்பைவிட நன்றாக இருப்பதாக அவள் சொல்கிறாள். அது என் மனசுக்காகச் சொல்வதாகவும் இருக்கலாம்.

இப்போது அவள் ஆனந்தபைரவி வாசிக்கப் போகிறாள். நாலாவது மெட்டில் மெழுகு மறுபடி இளகியிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். டிகாக்ஷன் இறங்கியிருக்கும், காபி கலக்க வேண்டியவன் நான்தான். சர்க்கரை வேண்டாதவர்கள் மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள்.