நம் பேனாவின் சாய்வு



மாற்றான் எழுத்திலுள்ள பக்கச்சார்பைக் காண எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. நம் எழுத்திலுள்ளதோ நமக்கு நியாயமாகவே தோன்றும். அதைப்பற்றியே இன்று பேச வந்தோம். நாமே வரைந்த ஒரு கட்டுரையைச் சாட்சியாகக் கொண்டுவந்திருக்கிறோம்.

பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தத்தின் கதையை அதில் எழுதினோம். 1957 யூலை 26இல் அது கைச்சாத்தாயிற்று. 1958 ஏப்ரில் 9இல் பௌத்த பிக்குகள் ரொஸ்மீட் பிளேசிலிருந்த பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்தனர். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அவர்கள் அமர்ந்ததை நாம் 'முற்றுகை' என்று எழுதினோம். அதற்கு இரண்டு பக்கம் முன்னரோ, 1956 யூன் 5இல் தமிழ்த் தலைவர்களும் தொண்டர்களும் காலிமுகத்திடலில் அமர்ந்ததைச் 'சத்தியாக்கிரகம்' என்று எழுதியிருந்தோம். ஈரிடத்தும் மனிதர் தரையில்தான் அமர்ந்தனர். வேறுபாடு இல்லையா? உண்டு, பெரிதும் உண்டு. ஒரு சாரார் தம் மொழியின் உரிமையைக் கேட்டனர். மறு சாரார் கொடுத்த வாக்கை மீறும்படி கேட்டனர். காலிமுகத்திடலில் அமர்ந்தவர்கள் காடையரால் தாக்கப்பட்டனர். இவற்றையெல்லாம் வாசகன் முன் வைத்து அவனையே தீர்க்கவிட்டிருக்க வேண்டும். நாமோ பெயரைச் சூட்டிவிட்டு வேலை முடிந்ததென்றிருந்தோம். வாங்கும்போது ஒரு கொத்தும் விற்கும்போது வேறொரு கொத்தும் வைத்து அளக்கும் வியாபாரியை ஊர் என்ன சொல்லும் என்பது இங்குள்ள கமக்காரருக்குத் தெரியும்.

நிற்க. இதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. தென்பகுதியில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டதை விரிவாக எழுதியிருந்தோம். கட்டுரையைப் படித்த முதிய கமக்காரர் ஒருவர், அக்காலத்தில் சிறுவனாயிருந்தவர், நம்மைக் கேட்டார்: "தம்பி, எங்கள் ஊரிலும் பஸ்ஸின் சிங்கள ஸ்ரீயில் தார் பூசினார்களே, அது எங்கே?"

விடை சொல்ல நம்மிடம் வாயில்லை. தமிழரசுக் கட்சியின் ஸ்ரீ எதிர்ப்பு இயக்கம் ஒப்பந்தம் கைவிடப்படுவதற்கு முன்னரே நடந்தது. அது நமக்குத் தெரியாததன்று. பொய் ஒன்றும் எழுதவில்லை. எழுத மறந்தோம், அவ்வளவே. ஆனால் நமக்குச் சாதகமானதில் ஒன்றைக்கூட மறக்கவில்லையே! ஓர் எழுத்தை அழித்தது ஓர் உடன்படிக்கையைக் கைவிடுவதற்கு நியாயமாகாது என்பதே இன்றும் நம் கருத்து. அக்கருத்தை வெளிப்படையாக வாதிட்டு நிறுவியிருக்கலாம். மறைத்ததனால், அச்செய்தியை அறிந்த வாசகன் நம் நியாயமான வாதங்களையும் ஐயுறுவான். நம்மோடு உடன்படாத வாசகனை இழந்தபின் எழுதி என்ன பயன்?

இந்நோய் நமக்கே உரியதன்று. 1920இல் வால்டர் லிப்மன், சார்ள்ஸ் மேர்ஸ் என்ற இருவர், ரஷ்யப் புரட்சி குறித்து 'நியூயோர்க் ரைம்ஸ்' வெளியிட்ட செய்திகளை ஆராய்ந்தனர். 1917 நவம்பர் தொடங்கி ஈராண்டில் போல்ஷிவிக் ஆட்சி வீழும் தறுவாயிலுள்ளது அல்லது வீழ்ந்தேவிட்டது என 91 முறை அப்பத்திரிகை கூறியிருந்தது. இதற்குச் சதியை அவர்கள் காரணமாகக் காட்டவில்லை. எழுதியோரின் நெஞ்சிலிருந்த ஆசையையும் அச்சத்தையுமே காட்டினர்.

இப்போது நாம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எழுதி முடித்தபின், தமிழர் என்றுள்ள இடத்தில் சிங்களவர் என்றும், சிங்களவர் என்றுள்ள இடத்தில் தமிழர் என்றும் மாற்றி உரக்கப் படிப்போம். எந்தச் சொல்லில் நமக்குக் கோபம் வருகிறதோ அங்கே பேனாவை வைப்போம். விட்டுப்போனவற்றை இது காட்டாது. அதற்கு அந்தக் கமக்காரரைப் போன்ற ஒருவரிடந்தான் போகவேண்டும்.

அக்கட்டுரையைத் திருத்தினோம். ஸ்ரீ எதிர்ப்பு அதற்குரிய இடத்தில் ஏறிற்று. 'முற்றுகை'யை அடித்து, 'இல்லத்தின் முன் அமர்ந்தனர்' என்று எழுதினோம். 'சத்தியாக்கிரகம்' என்பதை மட்டும் மாற்றவில்லை; அது அங்கே அமர்ந்தவர்கள் தாமே இட்ட பெயர். இது சரியா, அன்றி இதுவும் சாய்வுதானா என்பதைச் சபையோரிடமே விடுகிறோம்.