காசைச் சுண்டிப் பார்த்தால் போதுமா?

(வத்தல்மலையில் நடைபெற்ற ஆசிரியர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய நாணயங்களைச் சேர்ப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அதைப் பற்றி இந்த மலையில் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் மாவட்டத்தில் பல வீடுகளில் இன்னும் வெள்ளி ரூபாய்கள் இருக்கின்றன. பாட்டி முடிந்து வைத்த காசு, தாய்வீட்டுச் சீராக வந்த காசு, வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்ட காசு. அவற்றை வாங்க ஆட்கள் ஊர் ஊராக வருகிறார்கள். "இது ஈயம், இது கள்ள ரூபாய்" என்று சொல்லிக் குறைந்த விலைக்கு எடுத்துப் போகிறவர்களும் உண்டு. போலியை வெள்ளி என்று சொல்லி விற்றுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இரண்டிலும் ஏமாறுவது நம் மாணவர்களின் குடும்பம். இதற்கான மருந்து நம் அறிவியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

நாணயத்தைச் சோதிப்பது நமக்குப் புதிய தொழிலும் அல்ல. சங்கப் புலவர்கள் சிலரின் பெயரோடு 'வண்ணக்கன்' என்ற அடைமொழி வருகிறது. நாணயப் பரிசோதகர் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் காசைப் பார்த்துத் தேறும் அதிகாரி ஒருவரைக் குறிப்பிடுகிறது. காசு பிறந்தபோதே கள்ளக்காசும் பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் அதிகம் கிடைப்பது ஆங்கிலேயர் கால ரூபாய். 1835-இல் ஒரே சீரான ரூபாய் சட்டமானது. எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதுதான் ஒரு தோலா. 12 பங்கில் 11 பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. ஆகவே ஒரு ரூபாயில் ஏறத்தாழ 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. 1940-இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். அப்போதே கள்ளக்காசைத் தடுக்க விளிம்பின் நடுவே கூடுதலாக ஒரு பள்ளக் கோட்டையும் சேர்த்தார்கள். 1947-இல் வந்த ரூபாய் வெறும் நிக்கல். இந்த மூன்று செய்திகளும் தெரிந்தால் பாதிச் சோதனை முடிந்தது.

முதல் சோதனை கண்ணால் செய்வது. காசில் உள்ள ஆண்டையும் எழுத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விக்டோரியா 1876 வரை 'குயின்'. 1877 முதல் 'எம்பிரஸ்'. 1885 என்று ஆண்டு போட்டு 'குயின்' என்று பொறித்த ரூபாய் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அச்சடித்த காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். அசல் காசை அச்சாக வைத்து வார்த்த போலியில் எழுத்து மழுங்கியிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஊசி குத்தியது போல் சிறு குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி இரண்டு அச்சுகள் சேர்ந்த தழும்பும் இருக்கலாம்.

இரண்டாவது எடை. நன்றாகப் புழங்கித் தேய்ந்த ரூபாய் 11.4 கிராம் வரை இறங்கியிருக்கலாம். அதற்கும் மிகக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும். வளையம் பற்றவைத்த காசுக்கும், பற்றை எடுத்த காசுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது.

மூன்றாவதுதான் நம் வகுப்பறைக்கு உரியது. ஏழாம் வகுப்பில் அடர்த்தி, ஒன்பதாம் வகுப்பில் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் நடத்துகிறோம். 0.01 கிராம் காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்று போதும். முதலில் காசை எடை போடுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, எடையைப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, முழுதும் முங்கும்படியும் அடியில் தொடாதபடியும் பிடியுங்கள். காசில் ஒட்டிய காற்றுக் குமிழிகளை முன்பே உதறிவிட வேண்டும். இப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. அதுவே கன சென்டிமீட்டரில் காசின் கனஅளவு. காசின் எடை 11.60, தராசு காட்டுவது 1.12 என்றால் அடர்த்தி 10.36. பழைய ரூபாய்க்கு ஏறத்தாழ 10.3 வர வேண்டும். 1940-க்குப் பிந்திய பாதி வெள்ளி ரூபாய்க்கு 9.5 அளவில் வரும். செம்புக்கு 8.96. ஜெர்மன் சில்வருக்கு அதற்கும் கீழே. அந்தப் பெயரில் வெள்ளி இருக்கிறதே தவிர, அந்த உலோகத்தில் ஒரு பொட்டு வெள்ளியும் கிடையாது.

என் வகுப்பில் இதைச் செய்தபோது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பாட்டியின் மூன்று ரூபாய்களைக் கொண்டுவந்தாள். மூன்றும் ஈயம் என்று ஒரு வியாபாரி சொல்லியிருந்தார். ஈயத்தின் அடர்த்தி 11.34 என்பதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகளையே அளக்கச் சொன்னேன். இரண்டு காசுகள் 10.3-ஐ ஒட்டி நின்றன. எடை, விளிம்பு, எழுத்து எல்லாம் பொருந்தின. மூன்றாவது 9.58 கிராம் எடை, அடர்த்தி 8.6. விளிம்பில் வார்ப்புத் தழும்பும் தெரிந்தது. அந்த ஒன்றைப் போலி என்று பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று பிள்ளைகள் தயங்கினார்கள். பள்ளிக்கு வந்த பாட்டியோ காசுகளைக் கையில் வாங்கிக்கொண்டு, "மூணுல ரெண்டு நெசந்தான சார், அது போதும்" என்றார். மூன்றையும் ஈயமென்று விற்றிருந்தால் அந்த இரண்டும் போயிருக்கும்.

ஒரு சோதனையை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். காந்தம் இழுத்தால் அது வெள்ளி இல்லை. இழுக்காவிட்டால் வெள்ளி என்று ஆகிவிடாது. செம்பையும் ஈயத்தையும் காந்தம் இழுப்பதில்லை. சுண்டினால் வெள்ளி நீண்டு ஒலிக்கும், ஆனால் விரிசல் விட்ட அசல் காசு சொத்தென்று ஒலிக்கும். அடர்த்தியைக்கூட ஏமாற்றலாம். செம்பையும் ஈயத்தையும் சரியான விகிதத்தில் சேர்த்தால் 10.3 வந்துவிடும். ஆனால் எடை, அளவு, ஒலி, எழுத்து, விளிம்பு, அடர்த்தி எல்லாவற்றையும் ஒரே காசில் ஏமாற்றுவது கடினம். பல சாட்சிகள் ஒத்துப்போகும்போதுதான் தீர்ப்பு. பிள்ளைகள் அறிவியல் முறையைக் கையால் தொட்டுப் புரிந்துகொள்ளும் இடம் இது.

காசைக் கெடுத்துச் சோதிக்கவும் கூடாது. புளி, விபூதி, பற்பசை போட்டுத் தேய்த்தால் சேகரிப்போரிடம் அதன் மதிப்புப் போய்விடும். அமிலம் விடுவதும் அரம் வைத்து ராவுவதும் வேண்டாம். வெள்ளியில் படியும் கருமை அதன் வயதுக்கான சாட்சி. எழுத்து இடுக்குகளில் அழுத்தமாகவும் மேட்டில் மெலிதாகவும் படிந்திருந்தால் இயல்பானது. எங்கும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் யாரோ பூசியிருக்கலாம்.

மாணவர்களிடம் இன்னும் மூன்று செய்திகளைச் சேர்த்துச் சொல்லுங்கள். முதலாவது, இராமர், அனுமன் உருவங்களோடு 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று எழுதிய காசுகள். கம்பெனி அப்படி ஒரு காசும் வெளியிடவில்லை. அரிசியை இழுக்கும் காசு என்பதும் வெறும் மோசடி. இரண்டாவது, பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி முன்பணம், கமிஷன், வரி என்று கேட்பவர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிக் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. மூன்றாவது, நிலத்தைக் கொத்தும்போது புதையலாகக் காசு கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கலைத்து விற்றால் சட்டச் சிக்கல் வரும். அதைவிட, எந்தக் காசு எங்கே, எதனோடு கிடைத்தது என்ற வரலாறு அழிந்துபோகும்.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே சொல்தான். ஒருவர் வீட்டுக் காசைப் போலி என்று சொல்வதும் சிறிய காரியம் இல்லை. அளந்து பார்த்த பிறகே சொல்ல வேண்டும், அளந்த கணக்கைக் காட்டிச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் ஏழாம் வகுப்பிலேயே வந்துவிட்டால், உரம் வாங்கும்போதும் காப்பிக்கொட்டையை எடை போடும்போதும் அது அவர்களுக்குத் துணை நிற்கும். அடுத்த மாதம் அடர்த்திப் பாடம் வரும்போது, ஒரு தராசையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் மேசையில் வையுங்கள். வீட்டிலிருந்து ஒரு பழைய காசைப் பெற்றோரிடம் கேட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். மாலையில் அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து, பெற்றோருக்குத் தகவலும் சொல்லிவிடுங்கள்.