செய்தித்தாளும் பொதுப்பணமும்

பாலிகஞ்சில் நம்மவர் இல்லங்களில் காலைக் காப்பியும் செய்தித்தாளும் ஒன்றாகவே வந்து சேருகின்றன. அத்தாளுக்காக இம்மாநகரில் ஒருவர் கொடுத்த விலை பெரிது. 1780-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி என்பார் இங்கே இந்தியாவின் முதல் அச்சுச் செய்தித்தாளைத் தொடங்கினார். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் தலைமை நீதிபதி எலிஜா இம்பேயும் ஊழல் புரிந்ததாக எழுதினார். அவதூறு வழக்கில் சிறைப்பட்டார். 1782-இல் அவருடைய அச்செழுத்துகளும் பறிமுதலாயின. கணக்குக் கேட்டவருக்கு அன்று சட்டத்தின் துணை இல்லை.

அத்துணை 1956-இல் ஓரளவு வாய்த்தது. நாடாளுமன்ற நடவடிக்கைகளை உள்ளவாறு, தீய நோக்கமின்றி வெளியிடும் பத்திரிகைமீது வழக்குத் தொடுத்தல் ஆகாது என்று ஒரு சட்டம் பிறந்தது. அதனைக் கொணர்ந்தவர் ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தி.

அடுத்த ஆண்டே ஒரு பெரிய வழக்கு எழுந்தது. 1957 ஜூனில் ஆயுள் காப்பீட்டுக் கழகம், தன் முதலீட்டுக் குழுவைக் கேளாமலே, இந்நகரத் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. பணமோ சிறுகச் சிறுகப் பிரீமியம் கட்டிய குடும்பங்களுடையது. டிசம்பரில் பெரோஸ் காந்தி அவையில் வினவினார். ஏடுகள் அதனை நாடெங்கும் கொண்டு சென்றன. நீதிபதி சாக்ளா பலரறிய விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

அவர் தமிழர்; திறமை மிக்கவர். ‘நம்மவரை வீழ்த்திவிட்டார்களே’ என்று பிற மாநிலங்களில் வாழும் நாம் மனங்குமுறுதல் இயல்பே. ஆயினும் எண்ணிப் பாருங்கள். அமைச்சர் தமக்கெனப் பொருள் பெற்றார் என்று ஆணையம் கூறவில்லை; துறையின் செயலுக்கு அவரே பொறுப்பாளர் என்றே கூறிற்று. 1962-இல் அவர் மீண்டும் அமைச்சரானார். பலரறிய நடந்த விசாரணை தவற்றை மட்டுமன்றித் தவற்றின் அளவையும் காட்டிற்று. வதந்திக்கோ அளவென்பதே இல்லை.

நான் அரசுக் கோப்புகளை மொழிபெயர்ப்பவன். அவற்றில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு உரிமையில்லை. பத்திரிகையிடம் அச்சட்டம் கேட்டதும் அந்த நேர்மையையே. நெருக்கடி நிலையின்போது, 1976-இல், அச்சட்டம் நீக்கப்பட்டது. 1977-இல் மீண்டும் இயற்றப்பட்டது. கொடுத்த உரிமை பறிபோகவும் கூடும் என்பதற்கு இதுவே சான்று.

ஆதலின், நாளைக் காலை தாளைப் பிரிக்கும்போது நம்மவர் பெயர் அதில் இருக்குமாயின், சினம் கொள்ளுமுன் கணக்கைப் படிப்போமாக.