‘ஹௌ டு நேம் இட்’டா, ‘நத்திங் பட் விண்ட்’டா: ஒண்ணைத்தான் சொல்லணும்

(ஒலிப்பதிவின் சுருக்கித் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை ஆய்க்குடியில இருந்து பதிவு பண்றேன். ஆய்க்குடின்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு அமர் சேவா சங்கம் ஞாபகம் வரும், இல்லன்னா பாலசுப்பிரமணிய சுவாமி கோயில். அதுவும் தெரியாதவங்களுக்கு, தென்காசி பக்கம், குற்றாலம் பக்கம்னு சொன்னாப் போதும். இப்போ சாரல் சீசன். பின்னாடி ஊன்னு ஒரு சத்தம் கேட்டா அது மைக் கோளாறு இல்ல, காத்து. செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்துக்கு ஜன்னலை மூடுறதெல்லாம் ஒரு விஷயமே இல்ல.

இன்னைக்கு வேலை இதுதான். ரெண்டு ப்ராக்ரெசிவ் ராக் ஆல்பத்தை எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பார்த்து, கடைசியில ஒண்ணைச் சொல்லணும். "ரெண்டுமே அதது விதத்துல அருமை"ன்னு நழுவக் கூடாது. நீங்க போர்க்குபைன் ட்ரீ, ட்ரீம் தியேட்டர், இல்லன்னா நம்ம பெங்களூர் 'அகம்' இதுல ஏதாவது எதிர்பார்த்திருப்பீங்க. நான் எடுத்திருக்கிறது இளையராஜாவோட ரெண்டு ஆல்பம். 1986-ல வந்த 'ஹௌ டு நேம் இட்?', 1988-ல வந்த 'நத்திங் பட் விண்ட்'. ரெண்டும் சினிமாவுக்குப் போட்டதில்ல. ரெண்டுலயும் பாட்டு வரிகளே கிடையாது.

"இது எப்படிங்க ப்ராக் ராக்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. கடையில அந்த அலமாரியில இதை வைக்க மாட்டாங்கதான். ஆனா ப்ராக்னு ஒண்ணு எதுக்காகக் கிளம்பிச்சுன்னு பாருங்க. அறுபதுகளோட கடைசியில இங்கிலாந்துல சில ராக் பசங்களுக்கு மூணு நிமிஷப் பாட்டு போதல. நீளமா எழுதணும், தாளத்தை உடைக்கணும், கிளாசிக்கல் மேதைகளோட வீட்டுக் கதவைத் தட்டணும்னு ஆசை. ஜெத்ரோ டல் 1969-ல பாக்கோட ஒரு பூரேயை எடுத்து ஃப்ளூட், பேஸ், டிரம்ஸோட வாசிச்சாங்க. எமர்சன், லேக் அண்ட் பாமர் 1971-ல முசோர்க்ஸ்கியோட 'பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்'ஐ மேடையில போட்டுப் பின்னினாங்க. ஏழு எண்ணுற பிங்க் ஃப்ளாய்டோட 'மணி'யை உலகமே அதிசயமாப் பார்த்தது. நமக்கு அது மிஸ்ர சாபு, கச்சேரிக்குக் கச்சேரி கேக்குறதுதான்.

அதாவது, ஜனரஞ்சக இசையில கைதேர்ந்த ஒருத்தர், தன் எல்லையைத் தானே தாண்டி, கிளாசிக்கல்காரங்களோட சரிசமமா உட்கார்ந்து பேச ஆசைப்படுறது. அதே ஆசைதான் எண்பதுகள்ல மெட்ராஸ்ல ஒருத்தருக்கு வந்தது. அதனால இந்த ரெண்டு ஆல்பத்தையும் ப்ராக்கோட தமிழ்நாட்டு ஒண்ணுவிட்ட சகோதரங்கன்னு நான் எடுத்துக்குறேன். உறவுமுறையில சந்தேகம் இருந்தா கடைசி வரைக்கும் கேட்டுட்டுச் சண்டைக்கு வாங்க.

முதல்ல, ரெண்டும் என்ன?

'ஹௌ டு நேம் இட்?' மொத்தம் பத்து டிராக். தியாகராஜருக்கும் ஜே.எஸ். பாக்குக்கும் சமர்ப்பணம். முன்னணி வாத்தியம் வயலின், வாசிச்சவர் வி.எஸ். நரசிம்மன். பின்னாடி 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்' ஆரம்பிச்சாரே, அவர்தான். டிராக் பேருங்களைப் பார்த்தாலே ஆளு எவ்வளவு குறும்பான மனநிலையில இருந்திருக்காருன்னு தெரியும். 'மேட் மாட் மூட் ஃப்யூக்'. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. அதுக்கு அடுத்தது '...அண்ட் வீ ஹேட் எ டாக்'. அதாவது, பாக்கை என் வீட்டுல சந்திச்சேன், ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கிட்டிருந்தோம். பாக் 1750-ல செத்துப்போனார். தியாகராஜர் பிறந்தது 1767-ல. பதினேழு வருஷ வித்தியாசத்துல ஒருத்தரை ஒருத்தர் தவறவிட்ட ரெண்டு பேருக்கு இந்த ஆல்பம் ஒரு வீட்டைக் கட்டி உட்கார வெச்சிருக்கு.

வீடுன்னதும் இன்னொண்ணு. பாலு மகேந்திராவோட 'வீடு' படம் பார்த்திருக்கீங்களா? கட்டி முடிக்க முடியாம ஒரு பொண்ணு அல்லாடுவாளே. அதுல பின்னணியா வர்றது இந்த ஆல்பத்தோட இசைதான். படத்துக்குன்னு எழுதாத இசை அந்தப் படத்துல போய் அவ்வளவு சரியா உட்கார்ந்தது.

'நத்திங் பட் விண்ட்' அஞ்சே டிராக். முன்னணியில ஹரிபிரசாத் சௌராசியாவோட பான்சுரி, பின்னாடி ஐம்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா. கான்செப்ட் ஆல்பம்னு தைரியமாச் சொல்லலாம். இசைங்கிறதே காத்துதான், தென்றல், சூறை, புயல் மாதிரி அதுவும் இயற்கையில நடக்குற ஒண்ணுங்கிறதுதான் கரு. 'சாங் ஆஃப் சோல்', 'சிங்கிங் ஸ்விங்ஸ்', 'மோட்ஸார்ட் ஐ லவ் யூ', 'கம்போசர்ஸ் ப்ரெத்', அப்புறம் ஆல்பத்தோட பேருலயே ஒரு டிராக்.

முதல் சுற்று: ஆல்பமா ஒரே மூச்சுல கேட்டா?

இதுல 'நத்திங் பட் விண்ட்' ஜெயிக்குது, யோசிக்கவே வேண்டாம். குறைஞ்ச டிராக், நீளமான டிராக், ஒரே எண்ணம். ஷஃபிள்ல போட்டுக் கேட்டா அதோட உயிர் போயிரும். ஆர்கெஸ்ட்ரா மெதுவா எழும்பும், புல்லாங்குழல் அதுக்கு மேல மிதக்கும், திடீர்னு ரிதம் மாறும், திரும்ப அமைதி.

தென்காசிக்காரனா எனக்கு இதுல ஒரு ஒட்டுதலும் இருக்கு. பொதிகைத் தென்றல்னு காலங்காலமாக் கவிஞர்கள் பாடுறது இந்த மலைக் காத்தைத்தான். காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசல்ல சீசன் நேரத்துல நின்னு பாருங்க, காத்து ஆளைத் தள்ளும். அப்படி ஒரு ஊருல வளர்ந்தவன்கிட்ட 'காத்தைத் தவிர வேறொண்ணும் இல்ல'ன்னு பேரு வெச்ச ஆல்பத்தைக் கொடுத்தா மயங்காம என்ன செய்வான்?

'ஹௌ டு நேம் இட்?' அப்படி ஒரே நூலா ஓடாது. ஒண்ணு படிப்பு மாதிரி இருக்கும், ஒண்ணு விளையாட்டு, ஒண்ணு துக்கம். சில டிராக் "இது வேலைக்கு ஆகுதான்னு பாப்போம்"னு சோதனை பண்ற மாதிரியே இருக்கும்.

ரெண்டாவது சுற்று: ரெண்டு இசையும் எப்படிச் சந்திக்குது?

இதுதான் எனக்கு முக்கியமான சுற்று. ஃப்யூஷன்னு சொல்லி வர்ற பெரும்பாலானதுல என்ன நடக்கும்? கிடார் கார்டு போடும், அதுக்கு மேல ஒருத்தர் ஆலாபனை பண்ணுவார். ஒண்ணு சாப்பாடு, இன்னொண்ணு அப்பளம். பிரச்சினை எங்க இருக்குன்னா, ராகம் ஒத்தை வரியில நடக்குறது. ஒரு ஸ்வரம் நேரா நிக்காது, அசையும், வழுக்கும். அதுக்கு அடியில கார்டை வெச்சு அழுத்தினா பல சமயம் ராகத்தோட முகமே மாறிடும்.

'ஹௌ டு நேம் இட்?'ல இளையராஜா இதுக்கு ஒரு வழி பிடிச்சார். கார்டை நம்பாம ஃப்யூகைப் பிடிச்சார். ஃப்யூக்னா என்ன? நம்ம ஊரு வில்லுப்பாட்டுல முன்பாட்டுக்காரர் ஒரு வரியைச் சொல்லி நிறுத்துவார், பின்பாட்டுக்காரங்க அதைத் திருப்பிச் சொல்வாங்க. ஃப்யூக்ல முதல் ஆள் நிறுத்தவே மாட்டார். ரெண்டாவது ஆள் அதே வரியை வேற ஸ்தாயியில, வேற சுருதியில எடுக்கும்போது முதல் ஆள் வேற ஒண்ணைப் பாடிக்கிட்டே இருப்பார். மூணாவது ஆளும் வந்து சேருவார். எல்லாமே வரிகள்தான். வரிமேல வரி. ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பாடக்கூடிய மெட்டு.

இதுதான் கதவு. ராகமும் வரி, ஃப்யூகும் வரிகளால ஆனது. பாக்கும் தியாகராஜரும் பேசிக்க ஒரு பொது மொழி வேணும்னா, அது கார்டுல இல்ல, மெட்டுக்கு மெட்டு பின்னுறதுல இருக்கு. 'மேட் மாட் மூட் ஃப்யூக்' கேக்கும்போது எது மேற்கு, எது கர்நாடகம்னு பிரிக்க நினைச்சா ஒரு கட்டத்துல விட்டுருவீங்க.

அதுக்கு வயலினை எடுத்ததும் தற்செயலா எனக்குத் தோணல. மோவாய்க்குக் கீழ வெச்சா அது ஐரோப்பா, சம்மணம் போட்டுக் கால் மேல சாய்ச்சா அது மயிலாப்பூர். கருவி ஒண்ணுதான். அது கர்நாடக இசைக்குள்ள வந்ததுலயும் நம்ம தெற்குச் சீமைக்குப் பங்கு இருக்கு. முத்துஸ்வாமி தீட்சிதரோட தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் மெட்ராஸ்ல ஐரோப்பியர்கிட்ட வயலின் கத்துக்கிட்டு, பிறகு எட்டயபுரம் சமஸ்தானத்துல வித்வானா இருந்தவர். அண்ணன் என்ன பண்ணினார்? பேண்டு வாத்தியக்காரங்க வாசிச்ச மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்துல சாகித்யம் எழுதி நோட்டுஸ்வரம் ஆக்கினார். ஆக இந்தக் கலப்பு 1986-ல ஆரம்பிச்ச ஃபேஷன் இல்ல.

'நத்திங் பட் விண்ட்'ல சந்திப்பு வேற மாதிரி. சௌராசியா இந்துஸ்தானி மேதை. ஆர்கெஸ்ட்ரா அவருக்கு வழிவிடுது, அவர் முடிச்சதும் எழும்புது. ரொம்ப மரியாதையான உரையாடல். வந்த விருந்தாளியை நல்லாக் கவனிச்சு அனுப்புற மாதிரி. கேக்கச் சுகம்தான். ஆனா விருந்தாளி விருந்தாளியாவே இருக்கார். புல்லாங்குழலுக்கு ஒரே குரல், ஒரே மூச்சு. அதுதான் அதோட அழகு, அதேதான் அதோட எல்லையும்.

மூணாவது சுற்று: எதிர்த்தரப்பு

"பாக்கை அப்படியே எடுத்து வெச்சுட்டுப் பக்கத்துல நாலு வரி சேர்த்தா அது படைப்பா?"ன்னு ஒருத்தர் கேக்கலாம். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'ல வர்றது பாக்கோட ஈ மேஜர் பார்ட்டிடாவின் ப்ரெலூடியோதான், மறைக்க ஒண்ணுமில்ல. 1720-ல தேதி போட்ட கையெழுத்துப் பிரதியில இருக்குற தனி வயலின் உருப்படி. ஆனா அதே உருப்படியை பாக்கே 1731-ல ஒரு கான்டாட்டாவுக்காக ஆர்கனுக்கு மாத்தி, சுத்தி ஒரு ஆர்கெஸ்ட்ராவையும் நிறுத்தினார். அதுல இன்னும் இடம் இருக்குன்னு காட்டினதே பாக்தான். இளையராஜா அந்த இடத்துல நம்ம ஊரு நாற்காலி ஒண்ணைப் போட்டார்.

இன்னொரு எதிர்ப்பு ஆல்பத்துக்குள்ளயே இருக்கு. ஒன்பதாவது டிராக்கோட பேரு 'டோண்ட் கம்பேர்'. ஒப்பிடாதே! ஒப்பிடுறதுக்காகவே ஒரு எபிசோட் போடுற எனக்கு இது நேரடி எச்சரிக்கைதான். ஆனா எனக்கு அது வேற மாதிரிக் கேக்குது. பாக் உயர்ந்தவரா, தியாகராஜர் உயர்ந்தவரான்னு தராசைத் தூக்காதே. ரெண்டையும் ஒரே காதால கேளுன்னு. ஒருத்தரோட ரெண்டு ஆல்பத்துல எது எனக்கு நெருக்கம்னு சொல்றதை அது தடுக்காதுன்னு நம்புறேன்.

தீர்ப்பு

நான் ஊருல ஒரு தமிழ் பேசுறேன், சென்னையில ஒரு தமிழ் பேசுறேன், ஆபீஸ் மீட்டிங்குல இங்கிலீஷ். தாம்பரம் தாண்டினதும் வாயில இருந்து 'ஏல' தானாக் கழண்டு விழுந்துரும். இதைக் கேக்குற உங்கள்ல பாதிப் பேருக்கும் இதே கதைதான். எங்க போனாலும் நம்மள்ல ஒரு பாதி வீட்டுக்காரன், இன்னொரு பாதி விருந்தாளி. ஊர்ப்பேச்சைக் கொஞ்சம் 'ஃப்ளேவரு'க்கு மட்டும் தொட்டுக்கிட்டா ரசிப்பாங்க. அதுலயே ஒரு யோசனையைச் சொன்னா, "திரும்பச் சொல்லுங்க"ன்னு முகத்தைப் பார்ப்பாங்க.

'நத்திங் பட் விண்ட்' எனக்கு ஆறுதல். சாரல் அடிக்கும்போது அதை விட்டா வேற இல்ல. ஆனா 'ஹௌ டு நேம் இட்?'ல அந்த வயலின் யாருக்கும் அப்பளமா இருக்க ஒத்துக்கல. ரெண்டு மொழியும் அதுக்குத் தாய்மொழி மாதிரி. ஒண்ணைச் சுருக்கி இன்னொண்ணுக்கு இடம் கொடுக்கல. ரெண்டையும் முழுசாப் பேசுது, தடுமாறுற இடத்துலயும் முழுசாத் தடுமாறுது. பேரு வைக்கத் தெரியலன்னா அந்தக் கேள்வியையே பேரா வெச்சுடலாம்னு பண்ணைப்புரத்துல இருந்து வந்த ஒருத்தர் முடிவு பண்ணியிருக்கார். எனக்கு வேண்டியது அந்தத் தைரியம். என் ஓட்டு 'ஹௌ டு நேம் இட்?'டுக்கு.

2025 மார்ச் 8-ல லண்டன்ல 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறினப்போ நம்மள்ல பல பேரு "இந்த வயசுல புதுசா ஒண்ணு பண்றாரே"ன்னு ஆச்சரியப்பட்டோம். அது கிட்டத்தட்ட நாற்பது வருஷத்துக்கு முன்னாடியே கிளம்பின வண்டி.

ஒரே ஒரு வேண்டுகோள். ரெண்டையும் வேலை பாத்துக்கிட்டே கேக்காதீங்க. முதல்ல 'மேட் மாட் மூட் ஃப்யூக்' போட்டு, ஒரே ஒரு வரியை மட்டும் காதால பிடிச்சுக்கிட்டு அது எங்கெல்லாம் போகுதுன்னு பின்னாடியே போங்க. அடுத்த தடவை இன்னொரு வரி. அதுக்கப்புறம் 'கம்போசர்ஸ் ப்ரெத்'. கேட்டுட்டு, உங்க ஓட்டு காத்துக்குத்தான்னா எழுதிப் போடுங்க. இந்த ஊருல இருந்துக்கிட்டு அதுக்கு எதிரா ரொம்ப நேரம் வாதாட என்னாலயும் முடியாது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.