கசிவது சீல், காரணம் நுகத்தடி

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பத்து நிமிஷம் பேசுப்பா, உன் தொழிலைப் பத்தியே பேசு" என்று செயலாளர் சொன்னார். என் தொழில் லாரிப் பராமரிப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் ஊர்களுக்கு ஓடும் லாரிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. எனவே லாரியின் பின்பக்க ஹவுசிங்கின் மூக்கில் உட்கார்ந்திருக்கும் ஓர் இரும்புத் துண்டைப் பற்றியே பேசப் போகிறேன். அதற்குப் பெயர் பினியன் யோக்.

யோக் என்றால் நுகத்தடி. பெயர் வைத்தவர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார். மாட்டின் பலம் வண்டிக்குப் போய்ச் சேருவது நுகத்தடி வழியாக. இன்ஜினின் பலம் புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியே வந்து, இந்த யோக்கைப் பிடித்துத்தான் டெயில் பினியனைச் சுற்றுகிறது. பினியன் கிரௌன் வீலைச் சுற்ற, சக்கரம் உருளுகிறது. நம் நாட்டு லாரிகள் பலவற்றில் இதே இடத்தில் வட்டமான ஃபிளாஞ்ச் இருக்கும். உருவம் வேறு, வேலை ஒன்றே.

எவ்வளவு பலம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது, முதல் கியர் அதை 7 மடங்காக்குகிறது என்று வைத்துக்கொண்டால், யோக்கின் தலையில் விழுவது 2,800 நியூட்டன் மீட்டர். பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டாவுக்கு ஏறும் மலைப்பாதையில் பாரத்தோடு போகும் லாரி, ஒவ்வொரு வளைவிலும் இதைத்தான் அந்த இரும்பிடம் கேட்கிறது.

யோக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது பலருக்குத் தெரிவதில்லை. ஹவுசிங்கின் கியர் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீலின் ரப்பர் உதடு, யோக்கின் வழவழப்பான கழுத்தின்மேல்தான் உரசிக்கொண்டு நிற்கிறது. கழுத்தின் விட்டம் 70 மில்லிமீட்டர், சுற்று நிமிடத்துக்கு 1,500 என்றால், பத்து மணி நேர ஓட்டத்தில் அந்த உதட்டுக்கு அடியில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நீள இரும்பு ஓடி முடிகிறது. இடையில் தூசியோ துருவோ புகுந்தால் ரப்பர் தேய்வது மட்டுமல்ல, இரும்பிலேயே வளையம் போல் ஒரு பள்ளம் விழும்.

நம் பகுதிக்கென்று தனி வில்லன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் உப்பு. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் வரை உப்புத் தடவுகிறார்கள். அந்தத் தோல் லாரியில் வரும்போது உப்புநீர் விடுகிறது. அது பலகை இடுக்கு வழியே சொட்டுச் சொட்டாக இறங்கி சேஸிஸ், ஷாஃப்ட், ஹவுசிங் எல்லாவற்றையும் நனைக்கிறது. டேனரிக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதற்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்ததை அறிவீர்கள். ஆற்றைக் கெடுத்த உப்பு இரும்பை மட்டும் விட்டுவைக்குமா? சீலுக்கு வெளியே தெரியும் கழுத்துப் பகுதியில் துருப்பிடித்து, அந்தத் துரு உள்ளே நகர்ந்து ரப்பரை அறுக்கிறது.

உப்புத்தோல் ஏற்றும் ஒரு வண்டி என்னிடம் வந்தது. எட்டு மாதத்தில் மூன்று முறை வெவ்வேறு பட்டறைகளில் சீல் மாற்றியிருந்தார்கள். "சார், மார்க்கெட்ல வர்ற சீல் எல்லாம் டூப்ளிகேட் சார்" என்றார் உரிமையாளர். யோக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, கழுத்தில் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னேன். நகம் பள்ளத்தில் டக்கென்று மாட்டியது. "அண்ணே, இந்தப் பள்ளத்து மேல தங்கத்துல சீல் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும்" என்றேன். புது யோக் போட்டதும் கசிவு நின்றது.

ஒழுகினால் என்ன, ஆயில் ஊற்றிக்கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. ஊற்ற மறந்த ஒரு நாள் போதும். ஆயில் குறைந்தால் பினியன் பேரிங் காய்ந்து சூடேறும், பல் உடையும், ஓடும் வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் இது நடந்தால், பின்னால் வருகிறவனுக்கும் சேர்த்து ஆபத்து.

ஆனால் கசிவு என்றதுமே யோக்கின்மேல் பழி போடக் கூடாது. முதலில் ஹவுசிங்கின் மேலே உள்ள மூச்சுத் துளையைப் பாருங்கள். அது சேற்றால் அடைத்திருந்தால், உள்ளே சூடாகும் காற்றே ஆயிலைத் தள்ளிவிடும். அடுத்து யோக்கை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது, வேலை பெரிது. இரண்டும் சரியாக இருந்து, கழுத்தில் பள்ளமோ, கிராஸ் உட்காரும் காதுகளில் தேய்மானமோ, உள்பல்லில் தளர்ச்சியோ தெரிந்தால் யோக்கை மாற்ற வேண்டியதுதான். கழுத்தின்மேல் மெல்லிய ஸ்லீவ் போட்டுப் பள்ளத்தை மூடும் வழியும் உண்டு. கழுத்தில் மட்டும் குறை என்றால் அதுவும் நல்ல வைத்தியமே.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கை பிரேக் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் வண்டியில், ஷாஃப்ட்டைக் கழற்றியதும் பிரேக் இல்லை! ஷாஃப்ட்டும் யோக்கும் சேரும் இடத்தில் பஞ்ச் அடையாளம் வையுங்கள். கழற்றிய ஷாஃப்ட்டைத் தொங்கவிடாமல் கட்டி வையுங்கள். யோக்கைப் புல்லர் போட்டு இழுங்கள், சுத்தியால் அடிக்காதீர்கள். ஒவ்வொரு அடியும் பினியன் பேரிங்கின்மேல் விழுகிறது. புது யோக்கை மாட்டும்போதும் அப்படியே. அதன் கழுத்தை "பளபளப்பா ஆக்குறேன்" என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. அந்தக் கீறல்களே ஆயிலுக்கு வாய்க்கால் ஆகிவிடும். சீல் புதியது போட்டு, உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிய பிறகே யோக்கை ஏற்றுங்கள்.

கடைசியாக நட்டு. இங்கேதான் பெரும்பாலான பட்டறைகளில் கோளாறு. நீளமான பைப் போட்டு, இரண்டு பேர் தொங்கி, "போதும்டா" என்கிற அளவுதான் அளவு. கனரக லாரிகளில் இந்த நட்டின் இறுக்கம் ஆயிரம் நியூட்டன் மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. இரண்டு பேரிங்குக்கும் நடுவே கெட்டியான ஸ்பேசர் இருந்தால், சொன்ன அளவுக்கு முழுசாக இறுக்க வேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றில் நசுங்கும் ஸ்பேசர் இருக்கும். அதில் கூடுதலாக இறுக்கினால் ஸ்பேசர் மேலும் நசுங்கி, பேரிங்கை நெரித்துவிடும். எந்த வகை என்று தெரியாமல் ஸ்பானரைத் தொடக் கூடாது.

சரிபார்க்க ஒரு எளிய வழி சொல்கிறேன். ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளை உருவிவிட்டு, யோக்கில் நூல் சுற்றி, ஸ்பிரிங் தராசால் சீராக இழுங்கள். ஆரம் 6 சென்டிமீட்டர், தராசு காட்டுவது 4 கிலோ என்றால், சுழற்சிக்குத் தேவைப்படும் முறுக்குவிசை சுமார் 2.35 நியூட்டன் மீட்டர். கழற்றும் முன் ஒரு முறை, மாட்டிய பின் ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொண்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். முதலாண்டு இயற்பியல் இவ்வளவுதான்!

இந்த யோக்கோடு சேரும் யுனிவர்சல் ஜாயின்ட்டை மோட்டார் வண்டிக்கு ஏற்றதாக்கியவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே அந்த வேலையைத் தொடங்கி, 1903-ல் காப்புரிமை பெற்றார். சங்கிலியால் ஓடிய வண்டிகள் ஷாஃப்ட்டுக்கு மாற அவர் பெரிய காரணம். ஒரு மாணவர் கையில் பிறந்த பொருள் இன்று ஆம்பூர் பட்டறையில் கிடக்கிறது. அதைச் சரியாக மாட்டும் அறிவும் அங்கே போய்ச் சேர வேண்டாமா?

நம் மெக்கானிக்குகளிடம் கைத்திறன் குறைவில்லை. சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் என்று சொல்லும் அண்ணன்மார் இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது எண்கள். இறுக்க அளவெல்லாம் ஆங்கிலக் கையேட்டில், எங்கோ ஓர் அலமாரியில் உறங்குகிறது.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே. இந்தப் பகுதியில் அதிகம் ஓடும் வண்டிகளுக்கான இறுக்க அளவுகளையும் ஸ்பேசர் வகையையும் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, பட்டறைச் சுவர்தோறும் ஒட்டுவோம். ஊருக்கு ஒரு பெரிய டார்க் ஸ்பானர் வாங்கி வைத்து, தேவைப்படுகிறவர் எடுத்துப் போகட்டும் என்று விடுவோம். உப்புத்தோல் இறக்கிய அன்றே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்வோம், சீலுக்கு நேரே பிரஷர் பம்பைப் பிடிக்காமல். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. தோலும் லாரியும் உப்பும் மூன்று மாவட்டங்களுக்கும் இன்னமும் பொதுதான்.

எண்களைத் தொகுக்கும் வேலையை நான் ஏற்கிறேன். அச்சுச் செலவுக்கும் ஸ்பானருக்கும் உங்களில் யார் கை கொடுக்கிறீர்கள் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் வந்து சொல்லுங்கள்.